கோம்பையா, ராட்வீலரா, அல்சேஷனா: சேலத்து வீட்டுக்கும் ஏற்காட்டு எஸ்டேட்டுக்கும் எது சரி?

சிவதாபுரத்தில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர், வாழப்பாடி தாண்டித் தோட்டத்துக்குள் வீடு கட்டியவர், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். நாய் வாங்கலாம் என்று நினைத்ததும் மூவரும் கேட்பது ஒன்றுதான்: "நல்ல முரட்டு நாயா, ஆளைக் கண்டா விடாத நாயா ஒண்ணு சொல்லுங்க." மூவருக்கும் ஒரே நாயைச் சொல்ல முடியாது. எஸ்டேட்டில் பேர் வாங்கும் நாயைப் பட்டறை வாசலில் கட்டிப்போட்டால் யாரையாவது கடித்துவிடும். பட்டறையில் ஒழுங்காக இருக்கும் நாய் எஸ்டேட்டில் வேலைக்கே ஆகாமல் போகலாம். அதனால் எந்த இனம் உசத்தி என்ற பேச்சை விட்டுவிட்டு, எந்த வீட்டில் யார் கைக்கு எந்த நாய் அடங்கும் என்று பார்க்கலாம்.

முரட்டு நாய்களிடம் நாம் விரும்புவதும் பயப்படுவதும் மூன்று தனித்தனிக் குணங்கள். தன் முடிவைத் தானே எடுக்கும் பிடிவாதம் ஒன்று. அந்நியரைச் சந்தேகப்படும் காவல் குணம் இன்னொன்று. மூன்றாவது வெறும் உடல் பலம். ராட்வீலரிடம் மூன்றும் உண்டு. அல்சேஷன் என்று சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டிடம் காவலும் பலமும் அதிகம், பிடிவாதம் குறைவு. தேனிப் பக்கத்து நாட்டு இனமான கோம்பையிடம் பிடிவாதமும் காவலும் நிறைய, எடை ராட்வீலரில் பாதிதான். நம் ஊர் வேட்டை நாய்களான ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் பிடிவாதத்தில் யாருக்கும் சளைத்தவை அல்ல.

இதெல்லாம் அந்தந்த நாயைப் பழக்கிய வேலை கொடுத்த குணம். ஆடு மேய்த்த நாய் மேய்ப்பவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தது. இன்றைக்கும் அதன் கண் உங்கள் மேல்தான் இருக்கும். முயலுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டாத தூரம் ஓடிய வேட்டை நாய் யாரைக் கேட்டு முடிவெடுக்கும்? அதை "வா" என்று கூப்பிட்டால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வழியில் போகும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அடிப்பவர்கள் நிறையப் பேர். பல தலைமுறையாக எதற்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்களோ, அதைத்தான் அந்த நாய் செய்கிறது.

நாய் நம்மை ஆளப் பார்க்கிறது, அதனால் முதலிலேயே அடக்கி, மல்லாக்கப் புரட்டி, யார் தலைவன் என்று காட்டிவிட வேண்டும் என்ற யோசனையைச் சில பயிற்சியாளர்கள் இன்னும் சொல்லித் தருகிறார்கள். இதன் வேர் 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஓரிடத்தில் அடைத்தால் சண்டை போட்டு மேல் கீழ் பார்க்கத்தான் செய்யும். அந்தக் கருத்தை ஊரெல்லாம் பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் வாழும் ஓநாய்களை வருடக்கணக்கில் பார்த்த பிறகு 1999இல் தானே திருத்தி எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம், அங்கே சண்டை போட்டு ஜெயித்த தலைவன் என்று யாரும் கிடையாது என்றார். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், 45 கிலோ நாயை மல்லாக்கப் புரட்டும் வித்தையை நம்பி ராட்வீலர் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த வித்தை குட்டியாக இருக்கும்வரை பலிக்கும். பிறகு நாய் தற்காப்புக்காகக் கடிக்கும்.

சரி, இனங்களுக்கு வருவோம்.

ராட்வீலருக்குத்தான் நகரத்தில் இப்போது மவுசு அதிகம். ஜெர்மனியின் ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய் இது. மாட்டைத் தோளால் நெட்டித் தள்ளிய பழக்கம் இன்றும் போகவில்லை, பிரியமாக இருக்கும்போதும் நம் மேல் சாய்ந்து தள்ளும். வளர்ந்த கடுவன் 50 கிலோ வரும். முதல் ஒரு வருடம் யார் வந்தாலும் மடியில் ஏறி உட்காரும். அதைப் பார்த்துவிட்டு "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒன்றரை வயதில் இருந்து இரண்டு, இரண்டரை வயதுக்குள்தான் இந்த நாய் முழுசாக முதிர்கிறது. அந்நியரைப் பற்றியும் மற்ற நாய்களைப் பற்றியும் தனக்கென்று ஓர் அபிப்பிராயம் வருவது அப்போதுதான். குட்டியில் பல மனிதர்களையும் வண்டிகளையும் குழந்தைகளையும் பார்க்காமல் மொட்டை மாடியிலேயே வளர்ந்த ராட்வீலர் அந்த வயதில் ஆபத்தான நாய்.

ஒரு வயது ராட்வீலர் சோற்றுத் தட்டில் தலையை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பக்கத்தில் போகிறீர்கள். முதலில் வால் நிற்கும். சாப்பிடும் வேகம் கூடும். தோளும் கழுத்தும் விறைக்கும். தலையை உயர்த்தாமலே கண் மட்டும் உங்கள் பக்கம் திரும்பும், ஓரத்தில் வெள்ளை விழி தெரியும். உறுமல் இத்தனைக்கும் அப்புறம்தான் வரும். உறுமியதும் மூக்கில் ஒன்று போட்டால் நாய் கற்றுக்கொள்வது ஒரே பாடம்: அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடி. அதற்குப் பதிலாக, குட்டியாக இருக்கும்போதே தட்டை நோக்கி நீங்கள் நடந்து வரும் ஒவ்வொரு முறையும், வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைத் தூரத்தில் இருந்தே போட்டுவிட்டுத் திரும்பிப் போங்கள். வருகிறவன் பிடுங்க வரவில்லை, கொடுக்க வருகிறான் என்று நாய் புரிந்துகொள்ளும். வீட்டில் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும், பாட்டி உட்பட. ஏற்கெனவே தட்டில் உறுமும் வளர்ந்த நாயாக இருந்தால் குழந்தைகளையும் பெரியவர்களையும் இதில் இறக்க வேண்டாம், நல்ல பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள்.

பாட்டியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேலத்தில் பல வீடுகளில் நாயை ஆசைப்பட்டு வாங்கும் பையன் திங்கள் காலை பெங்களூர் ரயில் ஏறிவிடுவான். ஐந்து நாள் நாயைப் பார்ப்பது அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி. 50 கிலோ நாயைக் கயிற்றில் பிடித்து நடத்த அவர்களில் யாரால் முடியும்? முடியாது என்றால் நாய் கட்டியே கிடக்கும். கட்டியே கிடக்கும் காவல் நாய் மாதத்துக்கு மாதம் கடுமையாகும். அந்த வீட்டுக்கு ராட்வீலர் வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். எவ்வளவு நல்ல குட்டியாக இருந்தாலும் சரி.

வெயிலும் கணக்கில் வர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சேலம் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். கறுப்புத் தோலும் கனத்த உடம்பும் உள்ள நாயைக் காலை ஏழு மணிக்கு மேல் தார்ச் சாலையில் நடத்தக் கூடாது. ரத்தமாக வயிற்றுப்போக்கு வரும் பார்வோ நோய் ராட்வீலர், டாபர்மேன் குட்டிகளைக் கூடுதலாகத் தாக்கும் என்பதால் தடுப்பூசி அட்டவணை ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது.

டாபர்மேனைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெர்மனியின் அபோல்டாவில் வரி வசூலித்த கார்ல் ஃபிரெட்ரிக் லூயிஸ் டோபர்மான், வசூலுக்குப் போகும்போது துணைக்கு வேண்டும் என்று உருவாக்கிய நாய். கூர்மையான புத்தி, சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆளை விட்டு இருக்கவே முடியாத நாய். தனியாகக் கட்டினால் கத்தியே வீட்டைக் கலங்கடிக்கும். இதய தசை பலவீனமாகும் நோய் இந்த இனத்தில் அதிகம். மெல்லிய ரோமம், ஏற்காட்டு மார்கழிப் பனிக்குத் தாங்காது, வீட்டுக்குள்ளேதான் படுக்க வேண்டும். வீட்டுக்குள் விட மனசிருந்தால் வாங்கலாம்.

நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் அல்சேஷன் என்று சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டை 1899இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற படை அதிகாரி ஓர் இனமாகப் பதிவு செய்து வளர்த்தெடுத்தார். முதல் முறையாகக் காவல் நாய் வாங்கும் வீட்டுக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதுதான், அதிலும் பெட்டை. 22 முதல் 32 கிலோவுக்குள் நிற்கும், அம்மாவால் கயிற்றில் பிடிக்க முடியும். "உட்கார்", "இரு", "விடு" இந்த மூன்றையும் ஒழுங்காகச் சொல்லித் தந்தால் எட்டு மாதத்தில் கேட்கும். குறைகளும் உண்டு. பின்கால் இடுப்பு மூட்டு நோய் பரம்பரையாக வருவது, அதனால் முதுகு ரொம்பச் சரிந்த குட்டிகளைத் தவிர்க்க வேண்டும். இரண்டு அடுக்கு ரோமம் சேலம் வெயிலுக்குப் பெரும் பாரம், ஏற்காட்டில் அதே ரோமம் சுகம். ஆனால் மலையில் மழைக்காலத்தில் அந்த ரோமத்துக்குள் ஈரமும் உண்ணியும் தங்கும். வாரத்துக்கு ஒரு முறையாவது காதுமடல், கால்விரல் இடுக்கு எல்லாம் விரித்துப் பார்த்தால்தான் உண்ணிக் காய்ச்சலில் இருந்து தப்பிக்கும்.

நம் நாட்டு இனங்களில் ராஜபாளையத்துக்குத்தான் பேர் பெரிது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது தமிழ்நாட்டில் இருந்து இடம்பெற்றது இதுதான். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டால் வெளியாள் தொடுவதைக்கூட விரும்பாது. வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்ததால் பிறவிச் செவிடு இந்த இனத்தில் வருவதுண்டு. குட்டி வாங்கும்போது அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். கூட்டமாக இருக்கும்போது ஆட்டினால் பயனில்லை, மற்றவை திரும்புவதைப் பார்த்து செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். தனியாகத் தூக்கிவந்து பாருங்கள்.

கோம்பைக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த நாய், அதனாலேயே கவனமாகச் சொல்கிறேன். தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக் கோம்பை ஊர் இதன் பூர்வீகம். செம்பழுப்பு உடம்பு, கறுத்த வாய், அகன்ற மண்டை, கெட்டியான தாடை. காட்டுப்பன்றி வேட்டைக்கும் மாட்டுத் தொழுவக் காவலுக்கும் வைத்திருந்தார்கள். பன்றியை எதிர்த்து நின்ற நாய்க்குப் பின்வாங்கத் தெரியாது.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் உறவினர் காப்பித் தோட்டத்தில் ஒரு கோம்பைப் பெட்டை இருக்கிறாள். பழம் பறிக்கும் காலத்தில் சாயங்காலம் களத்தில் எடை போடுவார்கள். பெண்கள் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக வருவார்கள், அவள் ஜீப்புக்கு அடியில் படுத்தபடி ஒருவருக்கும் தலை தூக்க மாட்டாள். ஒரு நாள் வியாபாரி அனுப்பிய புது ஆள் வந்து எடை போட்ட சாக்கின் மேல் கை வைத்தார். அவள் குரைக்கவில்லை. எழுந்து வந்து அவருக்கும் சாக்குக்கும் நடுவில் நின்றாள், அவ்வளவுதான். அவர் கையை எடுத்தார். "விடுடி" என்று அத்தை சொன்னதும் விலகினாள், ஆனால் படுக்கவில்லை. அவர் வண்டி கேட்டைத் தாண்டும்வரை நின்றுகொண்டே இருந்தாள். யாரும் கற்றுக்கொடுக்காமல் தானே கணக்குப் போட்டு நடக்கும் இந்த அறிவு எஸ்டேட்டில் விலைமதிப்பில்லாதது. இதே அறிவை, நாள் முழுக்க ஐம்பது பேர் வந்துபோகும் பட்டறை வாசலில் வைத்துப் பாருங்கள். தினமும் புதுப் புது முகம், தினமும் யாரோ ஒருவர் பொருளின் மேல் கை வைப்பார். அவளுக்கு அங்கே நிம்மதியே இருக்காது, உங்களுக்கும் இருக்காது.

எஸ்டேட்டுக்குக் கோம்பை என்று சொல்லிவிட்டாலும் இரண்டு நிபந்தனை உண்டு. முதலாவது வேலி. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பல தோட்டங்கள் காப்புக்காட்டை ஒட்டியவை. காட்டெருமையும் காட்டுப்பன்றியும் கேளையாடு என்ற சின்ன மானும் முயலும் வரப்பைத் தாண்டி வந்துபோகும். நாயை அவிழ்த்துவிட்டு அது முயலையோ கேளையாட்டையோ பிடித்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வழக்கு உங்கள் மேல் வரும். காட்டெருமையைச் சீண்டினால் நிலைமை இன்னும் மோசம், துரத்தப்பட்ட நாய் ஓடி ஒளிய வருவது உங்கள் காலடிக்குத்தான். ஆக, வீட்டையும் களத்தையும் சுற்றி ஆறடிக் கம்பி வலை, ராத்திரி அதற்குள் சுதந்திரம், பகலில் ஆள் கூட இருக்கும்போது மட்டும் தோட்டம். இரண்டாவது, தோட்டத்திலேயே தங்கும் ஒரு குடும்பம் நாயின் சொந்தக் குடும்பமாக இருக்க வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் மலையேறும் முதலாளியை எந்தக் கோம்பையும் முதலாளியாக ஏற்காது.

சிப்பிப்பாறையையும் கன்னி என்ற இன்னொரு நாட்டு இனத்தையும் காவலுக்கென்று வாங்குவது பொருத்தமில்லை. ஓட்டத்துக்கு ஈடு இல்லாத அழகான நாய்கள், பரந்த இடம் கேட்பவை. பக்கத்துத் தோட்டத்து ஆட்டுக்குட்டியைப் பார்த்தால் கால் தரையில் நிற்காது.

ஆட்டுக்குட்டி விஷயம் வாழப்பாடிக்காரருக்குத்தான் முக்கியம். நாலு பக்கமும் வெள்ளாடு மேய்கிற இடத்தில் ராஜபாளையம் வைத்துக்கொள்வதானால் சுற்றுச்சுவர் முதலில், குட்டி அப்புறம். சுவர் இருந்து, ஆட்களும் வீட்டிலேயே இருந்தால் அவருக்கு ராஜபாளையம் நல்ல தேர்வு. சுவர் இல்லையென்றால், அந்த வட்டாரத்து ஆட்டுப்பட்டிகளில் ஆடுகளோடே பிறந்து வளர்ந்த நாட்டு நாய்க் குட்டி ஒன்றை வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆட்டைத் தொடாது, வெயிலுக்கு அஞ்சாது, ராத்திரி சின்னச் சத்தத்துக்கும் எழும். நாட்டு நாய்க்கும் பிடிவாதம் உண்டு, ஆனால் மனிதக் கூட்டத்துக்கு நடுவில் எப்படி நடந்துகொள்வது என்பது அதற்கு ரத்தத்திலேயே தெரியும்.

பட்டறைக்காரருக்கு என் பதில் ஜெர்மன் ஷெப்பர்ட் பெட்டை, அல்லது நாட்டு நாய் இரண்டு. இரண்டு என்றால் ஒரு கடுவனும் ஒரு பெட்டையும், கருத்தடை செய்து. வலுவான இனங்களில் ஒரே பாலில் இரண்டு வளர்த்தால் இரண்டு வயதுக்கு மேல் சண்டை ரத்தக்களறி ஆகலாம். பகலில் ஆட்கள் வேலை செய்யும்போது நாய் உள்கட்டில் இருக்கட்டும், பட்டறை பூட்டிய பிறகு முன்பக்கம் வரட்டும். திருடன் பயப்படுவது இனத்தின் பெயருக்கு இல்லை, குரைப்புக்கும் விழிக்கும் ஆளுக்கும்தான்.

மருத்துவ வசதியையும் இனத்தோடு சேர்த்து யோசிக்க வேண்டும். ராட்வீலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஓர் ஆபத்து உண்டு. வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராது, வயிறு மத்தளம் மாதிரி விம்மும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் நாய் பிழைக்காது. ஏற்காட்டில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்து, அங்கே முடியாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியிருக்கும். மலையில் பெரிய நாய் வைத்திருப்பவர்கள் ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள், சாப்பிட்டதும் ஓட விடாதீர்கள்.

சட்டப் பக்கம் இரண்டு விஷயம். 2024 மார்ச்சில் ராட்வீலர், பிட்புல் உள்ளிட்ட 23 இனங்களுக்கு உரிமம் தர வேண்டாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு மே மாதம் சென்னையில் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் குட்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ இன்றைய நிலவரத்தைக் கேளுங்கள். நாயைக் கவனக்குறைவாக விட்டு மற்றவருக்கு ஆபத்து வந்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் மறு ஊசி, இதில் பேரமே இல்லை.

குட்டியைப் பார்க்கப் போனால் தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாயின் குணம்தான் பாதி. உங்களைப் பார்த்துக் குரைத்துவிட்டு, சொந்தக்காரர் பேசியதும் அடங்கும் தாய் நல்ல அறிகுறி. பயத்தில் ஒடுங்கிக்கொண்டு பல்லைக் காட்டும் தாயின் குட்டியை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் பேச்சை வளர்க்காமல் கிளம்பிவிடுங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதே நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 விதிகளின்படி தவறு. இன்னும் இனமே முடிவாகவில்லை என்றால் மே மாதம் ஏற்காடு கோடை விழாவில் நடக்கும் நாய்க் கண்காட்சிக்குப் போய், வளர்ந்த நாயைப் பக்கத்தில் நின்று பாருங்கள். குட்டியின் படத்தைப் பார்த்து முடிவெடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

குட்டியைக் கொண்டுவரும் நேரமும் முக்கியம். எட்டு வாரத்தில் இருந்து பதினான்கு வாரம் வரை பார்த்த மனிதர்களும் கேட்ட சத்தங்களும்தான் ஆயுளுக்கும் அதற்குச் சகஜம். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு கொண்டுவந்தால் அது முதலில் கற்பது வெடிச் சத்தப் பயம். தீபாவளி முடிந்து கொண்டுவாருங்கள். எஸ்டேட்டாக இருந்தால் அதுவே காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தின் தொடக்கம். தினமும் ஆட்கள், சாக்கு, தராசு, ஜீப், குழந்தைகள். தெருநாய்கள் நுழையாத களத்து ஓரத்தில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். பறிக்க வரும் பெண்களிடம் ஆளுக்கொரு துண்டு பிஸ்கட் கொடுத்து அதற்கு ஊட்டச் சொல்லுங்கள். தை பிறந்து பறிப்பு ஓயும்போது, யார் வேலைக்கு வருகிறவர்கள் என்று குட்டிக்குத் தெரிந்திருக்கும்.